44 பாயிண்ட் திட்டமும் 27 பாயிண்ட் முடிவும்: ஸ்பிரிண்ட் பேக்லாக் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்புலம்

சந்தா முறையில் கட்டணம் வசூலிக்கும் நிறுவனங்களுக்கான மென்பொருளை உருவாக்கிப் பராமரிக்கும் ஓர் அணியில், எட்டு ஸ்பிரிண்டுகளின் (வேலையைத் திட்டமிட்டு முடிப்பதற்கான குறுகிய, நிலையான காலப்பகுதிகளின்) போது நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். அணியில் ஐந்து டெவலப்பர்கள், இரண்டு டெஸ்டர்கள், எந்த வேலை முதலில் என்று முடிவு செய்யும் ஒரு புராடக்ட் ஓனர் இருந்தனர். ஸ்கிரம் என்னும் பணிமுறையைப் பின்பற்ற அணிக்குத் துணை நிற்கும் ஸ்கிரம் மாஸ்டராக நான் இடையில் வந்து சேர்ந்தேன். ஸ்பிரிண்ட் இரண்டு வாரம், அதாவது பத்து வேலை நாட்கள்.

என்னை அழைத்த மேலாளர் சொன்ன குறை ஒன்றே ஒன்றுதான்: அணி ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் எடுத்துக்கொள்வதை முடிப்பதில்லை. அதற்கு முந்தைய ஆறு ஸ்பிரிண்டுகளின் கணக்கை அவர் காட்டினார். சராசரியாக 44 பாயிண்ட் (வேலையின் அளவை மதிப்பிட அணி பயன்படுத்தும் அலகு) திட்டமிடப்பட்டு, 27 பாயிண்ட் முடிந்திருந்தது. மதிப்பீடு செய்யத் தெரியாததே காரணம் என்பது அவருடைய கருத்து. அதற்கு ஒரு பயிற்சி நடத்திக்கொடுத்தால் போதும் என்று எதிர்பார்த்தார். அணியினரும் பெரும்பாலும் அதையே நம்பினார்கள். ஸ்பிரிண்ட் முடிவில் நடக்கும் மீளாய்வுக் கூட்டமான ரெட்ரோவின் குறிப்புகளில் "இனி எஸ்டிமேட்டைக் கவனமாகப் போட வேண்டும்" என்ற வரி ஆறு முறையும் இருந்தது.

44 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். ஏழு பேர், பத்து நாள், ஆக 70 ஆள்-நாள். கூட்டங்களுக்கு 4 நாள் கழித்து மீதி 66. ஒரு பாயிண்டுக்கு ஒன்றரை நாள் என்று வகுத்தால் 44. இதை ஓர் எக்செல் ஷீட் தானாகவே கணக்கிட்டுக் கொடுத்தது. முந்தைய ஸ்பிரிண்டில் உண்மையில் எவ்வளவு முடிந்தது என்பதற்கு அந்த ஷீட்டில் ஒரு கட்டம்கூட இல்லை.

முதல் இரண்டு ஸ்பிரிண்டில் கண்டவை

எதையும் மாற்றாமல் இரண்டு ஸ்பிரிண்ட் பார்த்துக்கொண்டிருக்க அனுமதி கேட்டேன். மேலாளர் தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

பிளானிங் கூட்டம் இரண்டு மணி நேரம் நடந்தது. ஒரு மாத ஸ்பிரிண்டுக்கு அதிகபட்சம் 8 மணி நேரம் என்று ஸ்கிரம் வழிகாட்டி சொல்கிறது. இரண்டு வாரத்துக்கு அதில் பாதி என்று வைத்தாலும், இங்கே நேரம் தாராளமாகவே மிச்சமிருந்தது. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் ஒரே வேலையில்தான் கழிந்தது: புராடக்ட் பேக்லாக்கின் (செய்ய வேண்டிய எல்லா வேலைகளின் வரிசைப் பட்டியலின்) மேலிருந்து டிக்கெட்டுகளை, அதாவது தனித்தனி வேலைக் குறிப்புகளை, ஒவ்வொன்றாக எடுத்து, பாயிண்டுகளைக் கூட்டிக்கொண்டே வந்து, 44-ஐத் தொட்டதும் நிறுத்திக்கொள்வது. இந்த ஸ்பிரிண்ட் எதற்காக என்ற கேள்வி எழவே இல்லை. வேலைகளைப் பதியும் டூலில் ஸ்பிரிண்ட் கோலுக்கு, அதாவது ஸ்பிரிண்டின் நோக்கத்துக்கு, உரிய இடத்தில் "திட்டமிட்ட டிக்கெட்டுகளை முடிப்பது" என்று எழுதப்பட்டிருந்தது. முந்தைய ஸ்பிரிண்டிலும் அதே வாசகம்தான்.

டெய்லி ஸ்டாண்ட்-அப் என்ற அன்றாடச் சிறு கூட்டத்தில் ஒவ்வொருவரும் மேலாளரைப் பார்த்து மூன்று வாக்கியம் சொன்னார்கள்: நேற்று இதைச் செய்தேன், இன்றும் இதைத் தொடர்கிறேன், தடை எதுவும் இல்லை. இந்த மூன்று கேள்விகள் கட்டாயம் என்று பலரும் இன்னும் நினைக்கிறார்கள். 2017-ஆம் ஆண்டு வழிகாட்டியிலேயே அவை ஒரு எடுத்துக்காட்டாக மட்டும் சுருங்கி, 2020 பதிப்பில் நீங்கியும் விட்டன. இந்த அணியில் அந்தக் கேள்விகளால் நேர்ந்த கேடு என்னவென்றால், பேச்சு ஆளைச் சுற்றியே ஓடியது. டிக்கெட் எங்கே நிற்கிறது என்பதை யாரும் கேட்கவில்லை.

நான் கவனித்த முதல் ஸ்பிரிண்டின் ஏழாம் நாள் போர்டு (டிக்கெட்டுகளின் நிலையைக் காட்டும் பலகை) எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. மொத்தம் 14 டிக்கெட். "நடப்பில்" என்ற பத்தியில் 11, "முடிந்தது" பத்தியில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் ஒரு எழுத்துப் பிழைத் திருத்தம். ஒன்பது டிக்கெட்டுகள் எட்டாம் நாளோ அதற்குப் பிறகோதான் டெஸ்டிங்குக்கு வந்தன. டெஸ்டர்களில் ஒருவர் எட்டாம் நாள் ஸ்டாண்ட்-அப் முடிந்தபின் என்னிடம் சொன்னார்: "எட்டு நாளா ஒண்ணும் வரல. இப்ப ஒரே நாள்ல இத்தனையும் வந்து நிக்குது. கடைசியில டெஸ்டிங்லதான் லேட்டுன்னு சொல்லுவாங்க." ரெட்ரோவில் அப்படியேதான் சொல்லப்பட்டது.

திட்டத்தில் இல்லாத வேலைகளை அளக்க ஓர் எளிய ஏற்பாடு செய்தோம். சப்போர்ட் பிரிவிலிருந்து வரும் கேள்வி, ப்ரொடக்ஷனில் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் மென்பொருளில்) வந்த பக், விற்பனைப் பிரிவுக்காக எடுத்துக் கொடுக்கும் ரிப்போர்ட் என அரை மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் எதுவானாலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு கார்டு போட வேண்டும். எவ்வளவு நேரம் போகிறது என்று அதற்கு முன்பு அணியிடம் கேட்டபோது, ஒரு ஸ்பிரிண்டுக்கு மொத்தம் ஐந்தாறு ஆள்-நாள் இருக்கும் என்றார்கள். முதல் ஸ்பிரிண்டில் 23 ஆரஞ்சு கார்டுகளும் ஏறத்தாழ 17 ஆள்-நாளும் ஆயின. இரண்டாவதில் 19 கார்டுகளும் 14 ஆள்-நாளும் ஆயின. எக்செல் ஷீட்டில் இருந்த 66 ஆள்-நாளில் நான்கில் ஒரு பங்கு தொடக்கத்திலேயே கையில் இல்லாதது என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

ஒரு டிக்கெட்டைக் கூர்ந்து பார்த்தது

மொத்தக் கணக்கைவிட ஒரே ஒரு டிக்கெட் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. அது ரீஃபண்ட் டிக்கெட்: சந்தாவை ரத்து செய்யும் வாடிக்கையாளருக்குப் பணத்தைத் திரும்ப அளிப்பது. நான் வந்தபோது அது நான்காவது ஸ்பிரிண்டில் இருந்தது. முதலில் 5 பாயிண்ட். அடுத்த இரண்டு ஸ்பிரிண்டிலும் 8. நான்காவதில் "மீதி வேலை" என்று 3. நடுவில் ஒவ்வொரு முறையும் முடிந்த பங்குக்கு என்று சில பாயிண்டுகளைப் பிரித்துக் கணக்கில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டாண்ட்-அப்பில் அதன் நிலை மூன்று ஸ்பிரிண்டாக "தொண்ணூறு சதவீதம்".

டூலில் இருந்த வரலாற்றை டெவலப்பருடன் உட்கார்ந்து நாள் நாளாகப் பிரித்துப் பார்த்தோம். வேலை தொடங்கி 41 வேலை நாட்கள் ஆகியிருந்தன. அவரே கணக்கிட்டதில் உண்மையில் கோட் எழுதியது ஆறு நாள். மீதி நாட்களில் அந்த டிக்கெட் காத்துக்கொண்டே இருந்தது: கோட் ரிவ்யூவுக்கு (எழுதியதை இன்னொருவர் சரிபார்ப்பதற்கு), டெஸ்ட் சர்வருக்கு, நடுவில் வந்த வேறு அவசர வேலைகள் முடிவதற்கு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பதிலுக்கு. மாத நடுவில் ரத்து செய்தால் கிரெடிட் நோட்டில் (திரும்ப அளிக்கும் தொகைக்கான ஆவணத்தில்) வரியை எப்படிப் பிரிப்பது என்பதைக் கணக்குப் பிரிவுதான் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வி முதன்முதலாக அனுப்பப்பட்டது முதல் ஸ்பிரிண்டின் எட்டாம் நாள். பிளானிங்கில் அந்த டிக்கெட்டுக்கு ஐந்து நிமிடம் செலவிட்டிருந்தார்கள். அந்த ஐந்து நிமிடமும் அது 5-ஆ 8-ஆ என்ற விவாதத்திலேயே போனது என்று புராடக்ட் ஓனர் நினைவுகூர்ந்தார்.

பெயரில் ஒன்றாக இருந்த அந்த டிக்கெட்டுக்குள் நான்கு வேலைகள் இருந்தன: முழுத் தொகையைத் திரும்ப அளிப்பது, பகுதித் தொகையைத் திரும்ப அளிப்பது, கிரெடிட் நோட் உருவாக்குவது, வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புவது. முதல் வேலை முதல் ஸ்பிரிண்டிலேயே முடிந்திருந்தது. அதைத் தனியாக ரிலீஸ் செய்திருக்கலாம்; ஒரே பிராஞ்சில் (கோடின் தனிப் பிரதியில்) எல்லாம் கலந்திருந்ததால் அது மெர்ஜ் ஆகாமலேயே, அதாவது முதன்மைக் கோடில் சேராமலேயே, கிடந்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதலில், எதைச் செய்வதில்லை என்று முடிவு செய்தோம். மதிப்பீட்டுப் பயிற்சி வேண்டாம் என்று மேலாளரிடம் சொன்னேன். ஆறு நாளில் எழுதி முடித்த வேலை 41 நாளாகியும் முடியவில்லை என்றால், பிழை அந்த ஆறு நாளை எட்டு என்றோ பத்து என்றோ கணிப்பதில் இல்லை. ஸ்பிரிண்டை மூன்று வாரமாக நீட்டலாம் என்று அவர் வைத்த யோசனையையும் ஏற்கவில்லை. வரிசையில் காத்திருப்பதுதான் சிக்கல் என்னும்போது, வரிசை நிற்பதற்கு இன்னும் நீளமான இடம் கொடுப்பதால் பயனில்லை.

இந்த வாதத்துக்குத் துணையாக நின்றது ஒரு சிறிய கணக்கு. ஜான் லிட்டில் 1961-இல் நிறுவிய விதி ஒன்று உண்டு: நிலையாக இயங்கும் ஒரு முறையில், ஒரு பொருள் சராசரியாக உள்ளே தங்கும் காலம் என்பது உள்ளே இருப்பவற்றின் சராசரி எண்ணிக்கையை, ஒரு நாளில் வெளியேறும் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. எங்கள் போர்டில் சராசரியாக 10 டிக்கெட்டுகள் நடப்பில் இருந்தன. பத்து நாளில் உண்மையாக முடிந்தவை 7, அதாவது நாளொன்றுக்கு 0.7. பத்தை 0.7-ஆல் வகுத்தால் 14 நாளுக்குச் சற்று மேல். ஸ்பிரிண்டோ பத்து நாள். ஒரு டிக்கெட் உள்ளே போய் வெளியே வரச் சராசரியாக 14 நாள் ஆகும் ஒரு அமைப்பில், பத்து நாளுக்குள் எல்லாம் முடியவில்லையே என்று ஆறு ஸ்பிரிண்டாக வருத்தப்பட்டிருக்கிறோம். இதை வெள்ளைப் பலகையில் எழுதியபோது சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அதிலிருந்தே முதல் மாற்றம் பிறந்தது: ஒரே நேரத்தில் நடப்பில் இருக்கக்கூடிய டிக்கெட்டுகள் ஐந்துக்கு மேல் போகக் கூடாது. ஏழு பேருக்கு ஐந்து டிக்கெட் என்றால் சிலர் சேர்ந்து வேலை செய்தாக வேண்டும், அல்லது ரிவ்யூவிலோ டெஸ்டிங்கிலோ கைகொடுத்தாக வேண்டும். அந்த நெருக்கடியை வேண்டுமென்றே உண்டாக்கினோம். ஸ்டாண்ட்-அப்பும் இதற்கேற்ப மாறியது. ஆள் வரிசையை விட்டுவிட்டு, போர்டின் வலக்கோடியில், முடியப்போகும் டிக்கெட்டிலிருந்து பேசத் தொடங்கினோம்.

இரண்டாவதாக, எக்செல் ஷீட்டைக் கைவிட்டு, கடந்த ஸ்பிரிண்டுகளில் முடிந்த அளவையே அடுத்த ஸ்பிரிண்டின் திட்டத்துக்கு அடிப்படையாக வைத்தோம். புராடக்ட் ஓனருக்கு இது பிடிக்கவில்லை. "27-ன்னு போட்டா, மீதி வேலை எங்க போச்சுன்னு என்னைத்தான கேப்பாங்க" என்றார். அவர் அச்சம் நியாயமானது. 44 என்பது திட்டமாக இல்லாவிட்டாலும், விற்பனைப் பிரிவுக்குக் காட்டும் கேடயமாக இருந்தது. 2011-ஆம் ஆண்டிலேயே ஸ்கிரம் வழிகாட்டி, ஸ்பிரிண்டில் எடுக்கும் வேலைகளை உறுதிமொழி என்று சொல்வதை விட்டு முன்கணிப்பு என்று சொல்லத் தொடங்கிவிட்டது என்பதை மேலாளருக்கு எடுத்துக்காட்டினேன். உண்மையைச் சொன்னால், வழிகாட்டியின் வாசகம் அவரை அசைக்கவில்லை. ஆரஞ்சு கார்டுகளின் கணக்குதான் அசைத்தது.

மூன்றாவது, ஸ்பிரிண்ட் கோல். 2020 பதிப்பு பிளானிங்கில் ஏன், எது, எப்படி என்ற மூன்று கேள்விகளை வைக்கிறது. ஸ்பிரிண்ட் பேக்லாக்குக்கு (அந்த ஸ்பிரிண்டுக்கு எடுத்த வேலைப் பட்டியலுக்கு) உரிய உறுதிமொழி ஸ்பிரிண்ட் கோல் என்றும் சொல்கிறது. அதாவது அணி உறுதி தருவது கோலுக்கு. டிக்கெட் பட்டியல் அதை அடைவதற்கான வழி, அது மாறலாம். இந்த வேறுபாடு அணிக்குப் புரிய இரண்டு ஸ்பிரிண்ட் ஆனது. முதல் முயற்சியில் அவர்கள் எழுதிய கோல், "ரீஃபண்ட், ரிப்போர்ட், லாகின் வேலைகளை முடிப்பது". கமாக்களால் பிரிக்கப்பட்ட பட்டியல் கோல் ஆகாது என்று வாதிட்டு, கடைசியில் இப்படி எழுதினார்கள்: "சந்தாவை ரத்து செய்த வாடிக்கையாளர், தன் பணம் எவ்வளவு, எப்போது திரும்பும் என்பதை யாரையும் கேட்காமல் தானே தெரிந்துகொள்ள வேண்டும்." இந்த வாக்கியம் வந்தபிறகு லாகின் டிக்கெட்டுகளில் மூன்று தாமாகவே கீழே இறங்கின.

முடியாத டிக்கெட்டுக்குப் பாதிப் பாயிண்ட் கிடையாது என்பதும் அன்று முதல் நடைமுறையானது. முடியாதது புராடக்ட் பேக்லாக்குக்குத் திரும்பும். அடுத்த ஸ்பிரிண்டின் கோலுக்குத் தேவையென்றால் மட்டும் மீண்டும் வரும். இதற்கு எதிர்ப்பு வந்தது. செய்த வேலைக்கு மதிப்பில்லையா என்று ஒரு டெவலப்பர் கேட்டார். மதிப்பு இருக்கிறது, ஆனால் வாடிக்கையாளர் கைக்கு இன்னும் போகவில்லை என்று பதில் சொன்னேன். அவர் திருப்தி அடைந்ததாகத் தெரியவில்லை.

கடைசியாக, எதிர்பாராத வேலைகளைக் கவனிக்க வாரம் ஒருவரைக் காவல் பணியில் அமர்த்தினோம். அந்த வாரம் சப்போர்ட் கேள்விகள் எல்லாம் அவரிடமே போகும். அவர் பெயரில் ஸ்பிரிண்ட் டிக்கெட் எதுவும் இருக்காது.

பின்னர் நடந்தவை

மாற்றங்களுக்குப் பின் வந்த முதல் ஸ்பிரிண்டில் 27 திட்டமிட்டு 21 முடித்தோம். பாதிப் பாயிண்டைக் கணக்கில் சேர்க்காததால் எண் இறங்கும் என்பதை நான் எதிர்பார்த்திருந்தேன், மேலாளர் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ஸ்பிரிண்ட் சும்மா பார்த்துக்கொண்டிருந்ததற்கும் இதற்கும் சேர்த்து ஒரு கடினமான உரையாடல் நடந்தது.

டெவலப்பர்களுக்கும் அந்த ஸ்பிரிண்ட் சங்கடமாகவே இருந்தது. ஐந்து டிக்கெட் வரம்பு நிரம்பியிருக்கும்போது, தன் வேலையை ரிவ்யூவுக்கு அனுப்பிவிட்ட ஒருவர் புதிய டிக்கெட் எடுக்க முடியாது. மூன்றாம் நாள் மாலை ஒருவர் யாருக்கும் தெரியாமல் அடுத்த டிக்கெட்டின் கோடைத் தன் கணினியில் எழுதத் தொடங்கியிருந்தார். கார்டை மட்டும் நகர்த்தவில்லை. திட்டுவதற்குப் பதிலாக, அன்று ரிவ்யூவுக்குக் காத்திருந்த இரண்டு டிக்கெட்டுகளை அவரும் ஒரு டெஸ்டரும் சேர்ந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். மறுநாள் மதியத்துக்குள் இரண்டும் முடிந்தன. நான்காம் நாளிலேயே டெஸ்டிங் முடிந்த டிக்கெட் ஒன்று போர்டின் வலப்பக்கம் போனதை அந்த அணி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது.

காவல் முறை முதலில் தோற்றது. பேமெண்ட் பகுதியின் உள்விவரம் ஒரு மூத்த டெவலப்பருக்கு மட்டுமே தெரியும். காவலில் யார் இருந்தாலும் சப்போர்ட் பிரிவு அவரையே நேரடியாக அழைத்தது; காவலில் இருப்பவரும் பத்தே நிமிடத்தில் அவரிடமே போய் நின்றார். இரண்டாவது ஸ்பிரிண்டின் ஆரஞ்சு கார்டுகளில் பாதிக்கு மேல் அவர் பெயர் இருந்தது. பிறகு விதியைச் சற்று மாற்றினோம்: காவலில் இருப்பவர்தான் விசைப்பலகையில் கைவைக்க வேண்டும், மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் மட்டும் வழிகாட்டலாம். வேகம் குறைந்தது, சப்போர்ட் பிரிவு முணுமுணுத்தது. ஆனால் நான்காவது ஸ்பிரிண்டில் இன்னொரு டெவலப்பர் பேமெண்ட் பக் ஒன்றைத் தனியாகவே சரிசெய்தார்.

அடுத்த ஸ்பிரிண்டுகளின் கணக்கு இது: இரண்டாவதில் 24 திட்டமிட்டு 23, மூன்றாவதில் 26-க்கு 26, நான்காவதில் 28-க்கு 24, ஐந்தாவதில் 30-க்கு 30, ஆறாவதில் 30-க்கு 29.

நான்காவதில் எண் குறைந்தது தோல்வி அல்ல என்பதை விளக்க வேண்டும். ஆறாம் நாள் காலையில், பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் சார்ந்திருந்த வெளிச் சேவை ஒன்றில் வந்த மாற்றத்தால் சில கட்டணங்கள் தோல்வியடையத் தொடங்கின. பழைய முறையில் அந்த வேலை பட்டியலின் மேல் கூடுதலாக ஏறி உட்கார்ந்திருக்கும். எல்லாரும் இரவில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த முறை போர்டின் முன் இருபது நிமிடம் நின்று பேசினோம். கோலுக்கு எந்த டிக்கெட் அவசியம், எது இல்லாமல் சமாளிக்கலாம் என்ற கேள்விக்குப் புராடக்ட் ஓனரே பதில் சொல்லி, தொடங்கப்படாத இரண்டு டிக்கெட்டுகளைத் தன் கையால் பேக்லாக்குக்குத் திருப்பினார். கோல் அப்படியே நின்றது, அதை அடையவும் செய்தோம். 27 என்று போட்டால் தன்னைத்தான் கேட்பார்கள் என்று அஞ்சிய அதே மனிதர், இப்போது விற்பனைப் பிரிவுக்குத் தானே தொலைபேசியில் விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

ரீஃபண்ட் டிக்கெட்டை நான்காக உடைத்தோம். முழுத் தொகையைத் திரும்ப அளிக்கும் பகுதி முதல் ஸ்பிரிண்டின் ஐந்தாம் நாளில் வெளியானது. கிரெடிட் நோட் பகுதி மூன்றாவது ஸ்பிரிண்டு வரை எடுக்கப்படவே இல்லை, ஏனெனில் கணக்குப் பிரிவின் பதில் வரும்வரை அதைத் தயார் என்று ஒப்புக்கொள்ள அணி மறுத்தது. வாரம் ஒரு மணி நேரம் ரிஃபைன்மெண்டுக்கு (வரவிருக்கும் டிக்கெட்டுகளைத் தெளிவாக்கும் கூட்டத்துக்கு) ஒதுக்கி, வெளியாரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை மட்டும் அங்கே தேடினோம். பாயிண்ட் போடுவதைப் பிளானிங்குக்குத் தள்ளிவிட்டோம்.

எண்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஆறு ஸ்பிரிண்டின் சராசரி 25.5 பாயிண்ட், பழைய 27-ஐவிடக் குறைவு. பழையதில் பாதிப் பாயிண்டுகள் கலந்திருந்ததால் இரண்டையும் ஒப்பிட முடியாது. முடிந்த டிக்கெட்டுகளின் எண்ணிக்கை 7-லிருந்து 9 ஆனது. ஆனால் டிக்கெட்டுகளைச் சிறிதாக உடைத்ததால் அதையும் பெருமையாகச் சொல்ல இயலாது. நான் நம்பும் அளவு ஒன்றுதான்: கடைசி மூன்று ஸ்பிரிண்டில் அடுத்ததற்குத் தள்ளிப்போனவை முறையே 2, 0, 1. மாற்றங்களுக்கு முன் ஒவ்வொரு முறையும் ஆறேழு டிக்கெட்டுகள் தள்ளிப்போய்க்கொண்டிருந்தன.

மீண்டும் செய்தால் மாற்றுபவை

வரம்பு, அளவுக் குறைப்பு, கோல், காவல் முறை என நான்கையும் ஒரே ஸ்பிரிண்டில் கொண்டுவந்தது என் அவசரம். எது எவ்வளவு உதவியது என்று இன்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அடுத்த முறை வரம்பை மட்டும் முதலில் வைத்து, இரண்டு ஸ்பிரிண்ட் கழித்து மற்றவற்றைத் தொடுவேன்.

முதல் ஸ்பிரிண்டில் எண் இறங்கும் என்பதை மேலாளரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். மனதுக்குள் தெரிந்திருந்தும் சொல்லாமல் விட்டதால், நியாயமான ஒரு சரிவு என் தரப்பின் சாக்குப்போக்கு போல ஒலித்தது.

சப்போர்ட் பிரிவின் தலைவரைக் காவல் முறை பற்றிய பேச்சுக்கு அழைக்கவே இல்லை. அவருக்கு அது ஓர் அறிவிப்பாக மட்டுமே போய்ச் சேர்ந்தது; பழைய வழியிலேயே அவர் ஆட்கள் அழைத்துக்கொண்டிருந்ததில் வியப்பில்லை. பின்னர் அவரோடு அமர்ந்து எது உண்மையில் அவசரம் என்று ஒரு வரையறை எழுதியபோது, அரை மணி நேரத்துக்குள் முடிந்த வேலை அது.

டெஸ்டர்களை பிளானிங்கில் முதலில் பேசவிடுவதை ஐந்தாவது ஸ்பிரிண்டில்தான் தொடங்கினேன். பகுதி ரீஃபண்டில் தொகை பைசா அளவில் வேறுபட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை அன்று ஒரு டெஸ்டர் முதல் நிமிடத்திலேயே கேட்டார். அதற்கு முந்தைய ஆறு மாதமும் அவர் கடைசி நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

பேமெண்ட் பகுதியை இப்போது இரண்டு பேர் அறிவார்கள். மூத்த டெவலப்பர் விடுப்பில் இருந்த வாரத்தில் ஆரஞ்சு கார்டுகள் நான்கு நாள் தேங்கின. மூன்றாமவர் ஒருவர் அதைக் கற்கும் டிக்கெட், நான் அந்த அணியை விட்டு வந்த நாளில், அடுத்த ஸ்பிரிண்டுக்கான பேக்லாக்கில் இரண்டாவது இடத்தில் இருந்தது.